அஞ்சலை, பதினாறாம் அத்தியாயம்

ஜெலுத்தோங்கில் பதினொன்றாம் மாடி.
விடிகாலை நான்கு மணி.
அஞ்சலையைக் கடைத்தெரு முனையில்
நிறுத்திவைத்து இன்றோடு ஒன்பது நாள்.

அங்கே ஆண்டு நாற்பத்தொன்று, டிசம்பர்.
விமானம் வருகிறதென்று
வேடிக்கை பார்க்க வெளியே வந்தவர்கள்
இன்னும் தெருவில்தான் கிடக்கிறார்கள்.
பிழைத்த ஊர் ஆயர் ஈத்தாம் பக்கம்
ஏறிக்கொண்டிருக்கிறது,
தலையணையோடு, தையல் இயந்திரத்தோடு,
கால் கட்டிய கோழிகளோடு,
கூண்டுக்குள் கத்தும் ஒரு மைனாவோடு.
அவள் மட்டும் இறங்க வேண்டும்.
வெல்ட் கீ கிட்டங்கியில்
சவரிராயன் இருக்கலாம்.
இல்லாமலும் இருக்கலாம்.

பதிப்பாளர் தொலைபேசியில் சொன்னார்:
"பயத்தை வென்றாள்னு ஒரு வரி போடுங்கம்மா,
அடுத்த பக்கத்துல கட்டிப் பிடிச்சிக்கட்டும்.
சரித்திரக் காதல்னா
வாசகிகள் அதைத்தானே எதிர்பார்ப்பாங்க."
போட்டேன்.
அளவெடுக்காமல் தைத்த ரவிக்கை மாதிரி
அந்த வரி அவள் தோளிலிருந்து
நழுவிக்கொண்டே இருந்தது.
அடித்தேன்.

பெயர் வைத்தபோதே எனக்குச் சிரிப்பு.
அஞ்சல் என்றால் பயப்படுதல்.
அஞ்சல் என்றால் பயப்படாதே.
அஞ்சல் என்றால் கடிதம்.
மூன்றையும் ஒரே உறையில் போட்டு
ஒட்டிவிட்டது தமிழ்;
பிரித்துப் பார்ப்பது பெற்றவள் பாடு.

என் கைப்பேசியிலும் ஒன்று கிடக்கிறது.
பட்டர்வொர்த்திலிருந்து ஞானமுத்து.
ஃபெரியில் முப்பது வருஷம் இயந்திரம் பார்த்தவர்,
எழுதிப் பழக்கமில்லை, பேசி அனுப்பியிருக்கிறார்.
நாற்பத்தொரு விநாடி.
மூன்று நாளாக நான் கேட்கவில்லை.
எனக்கு வயது ஐம்பத்து மூன்று.
தலைக்கு மேல் விமானம் எதுவும் இல்லை.

இன்றைக்குத்தான் பிடிபட்டது.
அவள் நின்றது குண்டுக்குப் பயந்து அல்ல.
கிட்டங்கி வெறிச்சோடிக் கிடக்குமோ என்றும் அல்ல.
அவன் இருந்துவிட்டால்?
உயிரோடு, முழு உடம்போடு இருந்து
"என்ன?" என்று கேட்டுவிட்டால்?
இரண்டு வருஷம் பால் ஊற்றும்போதெல்லாம்
குவளையைப் பார்த்தபடி விழுங்கியதை
நிமிர்ந்து சொல்ல வேண்டுமே.

அதற்குப் பிறகு கை நிற்கவில்லை.
முழங்கால் நடுங்க நடுங்க நடந்தாள்.
பால்போணியை ஏன் தூக்கி வந்தாள்
என்று எனக்கும் தெரியாது.
தளும்பித் தளும்பி
முன்னங்கையெல்லாம் வெள்ளை.
எரிகிற அரிசிக்கடையைச் சுற்றி,
யாருடையதோ ஒற்றைச் செருப்பைத் தாண்டி.
எதிரே வந்தவர் ஒருவர்
"பைத்தியமா ஒனக்கு?" என்றார்.
"ஆமா" என்றாள்.

பயம் எங்கும் போய்விடவில்லை.
வீட்டுக்குப் போ என்று விரட்டினாலும்
பின்னாலேயே வரும் நாய்க்குட்டியாக
வெல்ட் கீ வரைக்கும் வந்தது.
அதற்கும் கொஞ்சம் பால் சிந்தியிருக்கும்.

கிட்டங்கி வாசலில்
கயிற்றுச் சுருள்மேல் உட்கார்ந்திருந்தான்.
புருவத்தில் சாம்பல்.
அவளைப் பார்த்தான். போணியைப் பார்த்தான்.
"இன்னைக்குமா பால்?"

பத்துப் பக்கத்துக்கு வசனம் வைத்திருந்தேன்,
கடலும் நிலவும் கலந்து.
அவள் ஒன்றையும் தொடவில்லை.
"காசு வேணாம்" என்றாள்,
முதல் தடவையாக
அவன் முகத்தைப் பார்த்து.

அத்தியாயம் அங்கே முடிந்துவிட்டது.
கட்டிப் பிடித்தது எங்கே என்று
பதிப்பாளர் கேட்பார், கேட்கட்டும்.

அக்கரையில் வெளுக்கிறது.
கோப்பி எப்போதோ ஆறிவிட்டது.
அந்தச் சின்ன முக்கோணத்தின்மேல்
கட்டைவிரலை வைத்தேன்.
முதலில் மின்விசிறிச் சத்தம்.
அப்புறம் தூரத்தில் ஒரு சேவல்.
அப்புறம் அவர்
தொண்டையைச் செருமுகிறார்,
இன்னொரு தடவை செருமுகிறார்.